தண்ணி லாரி அண்ணனுக்கும் உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள பெற்றோருக்கும் ஊர்க்காரர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் வணக்கம்.

நேற்று ஞாயிறு சாயங்காலம் நாலேகாலுக்கு, பெட்ரோலோடு மின்சாரத்திலும் ஓடும்படி நம் பிள்ளைகள் மாற்றிய அந்தப் பழைய ராணுவ ஜிப்ஸி ஜீப் நம் பள்ளி மைதானத்தை மூன்று முறை சுற்றி வந்தது. முதல் சுற்று மோட்டாரில் மட்டும். இரண்டாவது எஞ்சினில் மட்டும். மூன்றாவது இரண்டும் சேர்ந்து. மோட்டாரில் ஓடிய அந்த முதல் சுற்றில் டயருக்கு அடியில் சரளைக்கல் நொறுங்குகிற சத்தத்தைத் தவிர வேறு ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைகள் கத்திக் கொண்டாடுவார்கள் என்று நினைத்திருந்தேன். பதினொரு பேரும் வாயைத் திறக்காமல் வண்டி கூடவே நடந்தார்கள். எங்கேயாவது ஒரு நடுக்கம் கேட்டுவிடுமோ என்ற பயம் எல்லோர் முகத்திலும் இருந்தது. கேட்கவில்லை. ராத்திரி எனக்குத் தூக்கமும் வரவில்லை. இன்று வேலை முடிந்து வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளைகள் உட்கார்ந்திருந்தபோது வண்டி நடுங்கி பிராக்கெட் விரிசல் விட்ட அந்த வியாழக்கிழமையைப் பற்றி மறுபடி விரிவாக எழுதப் போவதில்லை. பார்த்தவர்கள் பார்த்தீர்கள், மற்றவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். யாருக்கும் அடிபடவில்லை, அது போதும். அடுத்த திங்கட்கிழமை கூட்டத்தில் என்னிடம் கோபமாகப் பேசிய பெற்றோருக்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி. என் பிள்ளை அந்த வண்டியில் உட்கார்ந்திருந்தால் நானும் அப்படித்தான் பேசியிருப்பேன். “வண்டியைத் தூக்கி ஓரமாகப் போடுங்கள்” என்று நீங்கள் சொல்லியிருக்கலாம். “காரணம் தெரிகிற வரைக்கும் யாரும் ஏறக் கூடாது” என்றுதான் சொன்னீர்கள். இந்த வேலை பிழைத்தது அந்தச் சொல்லால்தான்.

ஆனால் காரணம் கிடைக்கவில்லை. ஒன்பது நாள் தேடினோம். மோட்டாரைக் கழற்றி பேரிங்கைப் பார்த்தோம். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கன்ட்ரோலரின் அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றினோம். மோட்டாரைத் தாங்குகிற, விரிசல் விட்ட பிராக்கெட்டை இன்னும் தடிமனான தகட்டில் செய்து பற்ற வைத்தோம். வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்து மோட்டாரை முடுக்கினால் மறுபடி அதே நடுக்கம்.

வண்டியைப் பார்க்காதவர்களுக்காக அதன் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மாருதி ஜிப்ஸியில் 1298 சிசி பெட்ரோல் எஞ்சின் இருக்கிறது. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. முன்னச்சுக்கு ஒன்று, பின்னச்சுக்கு ஒன்று என்று, சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகிற இரண்டு நீளத் தண்டுகள், அதாவது புரொபல்லர் ஷாஃப்ட். நாங்கள் முன் ஷாஃப்ட்டை எஞ்சின் பக்கத்திலிருந்து பிரித்து ஒரு மின் மோட்டாரோடு இணைத்தோம். பின் சக்கரத்தை எஞ்சின் தள்ளும், முன் சக்கரத்தை மோட்டார் இழுக்கும். இரண்டையும் சேர்த்து வைப்பது வண்டிக்கு அடியில் இருக்கிற தரைதான். இப்போதுள்ள எஞ்சினையும் கியர்பாக்ஸையும் தொடாமல் ஒரு வண்டியை எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் ஆக்குவதற்கு இதைவிட எளிய வழி இல்லை. பள்ளிப் பிள்ளைகளால் முடிகிற வழியும் இதுதான். பேட்டரி 24 லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள், வரிசையாக இணைத்தது, மொத்தம் 76.8 வோல்ட். நேர்மின்சாரத்தில் 60 வோல்ட்டைத் தாண்டினாலே ஆபத்தான அளவாகக் கணக்கு வைக்கிறார்கள். அதனால்தான் அந்த ஆரஞ்சு நிறக் கேபிள்கள். அந்த ஆரஞ்சுக் கேபிளை ஆடுகிற ஷாஃப்ட் தொட்டுவிட்டால் என்ன ஆகும் என்ற நினைப்பில்தான் நான் ஒன்பது ராத்திரி படுத்தேன்.

இனி அந்த சனிக்கிழமை.

பள்ளி போர்வெல் வற்றியதிலிருந்து செவ்வாயும் சனியும் தண்ணி லாரி வருகிறது. தொட்டிக்குள் குழாயைப் போட்டுவிட்டால் லாரி காலியாக இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடமும் டிரைவர் அண்ணன் வேப்பமரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டு நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒரு வணக்கம் சொன்னதோடு சரி, பேசியதில்லை. அன்றைக்கு நாங்கள் வண்டியை ஸ்டாண்டில் வைத்து மோட்டாரை ஓட்டிக்கொண்டிருந்தோம். நடுக்கம் ஆரம்பித்ததும் நிறுத்தினோம். பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஏனுங்க சார், ஷாஃப்ட்டக் கழட்டி மாட்டுனீங்களா?”

ஆமாம் என்றேன்.

“அதுதானுங்க கத்துது.”

துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போய்விட்டார். பக்கத்தில் நின்ற மாணவியிடம், “அம்மிணி, டார்ச்ச இங்க காட்டு சாமி” என்றார். ஷாஃப்ட்டின் ஒரு முனையில் மூட்டைப் பிடித்திருக்கிற கவட்டையைத் தடவினார், பிறகு மறு முனைக் கவட்டையைத் தடவினார். கண்ணால் பார்த்ததைவிட விரலால்தான் அதிகம் பார்த்தார். “ரெண்டு காதும் ஒரே பக்கம் பாக்கோணும். இதுல ஒண்ணு கிழக்க பாக்குது, ஒண்ணு வடகிழக்க பாக்குது.”

ஷாஃப்ட்டின் நடுவில் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நகர்கிற பல் இணைப்பு உண்டு. இரண்டாகப் பிரித்து மறுபடி செருகும்போது பல் மாறி உட்கார்ந்தால் இரண்டு முனைக் கவட்டைகளும் ஒரே கோட்டில் இருக்காது. பிரிக்கும் முன் குறி போட்டுக்கொள்ள வேண்டும். நாங்கள் போடவில்லை. சாவியால் பெயின்டைச் சுரண்டிக் காட்டினார். பட்டாளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்த பச்சைப் பெயின்ட்டுக்கு அடியில் சின்னதாக ஓர் அம்புக்குறி வந்தது. எதிர்ப்பக்கம் சுரண்டினால் இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று பார்க்க வேண்டியவை, தள்ளி நின்றன.

இதை அவரே சரிசெய்துவிட்டுப் போயிருக்கலாம். பத்து நிமிட வேலை. அவர் கையை எடுத்துக்கொண்டு, “நீங்களே கழட்டுங்க கண்ணு” என்று பிள்ளைகளிடம் விட்டுவிட்டார். அவர்கள் கழற்றித் தரையில் வைத்ததும் ஒரு முனையில் இருக்கிற மூட்டு இணைப்பை நன்றாக மடக்கிப் பிடித்தார். ஒரு பையனை ஒரு முனையைச் சீராகச் சுற்றச் சொன்னார், இன்னொருத்தியை மறு முனையைச் சும்மா பிடிக்கச் சொன்னார். “என்ன தெரியுது?” என்று கேட்டார். “வேகமா போகுது, அப்புறம் மெதுவா போகுது, மறுபடி வேகமா போகுது” என்றாள் அவள். “ஒரு சுத்துக்கு எத்தன தடவ?” அவள் எண்ணிப் பார்த்து இரண்டு என்றாள். “அவ்வளவுதான் சாமி. இந்த மூட்டு பண்ற கோணல அந்த மூட்டு நேராக்கோணும். காது வெலகிப்போச்சுன்னா நேராக்காது.”

யுனிவர்சல் ஜாயின்ட் என்கிற இந்த மூட்டைப் பற்றிய பாடத்தைப் பதினொரு வருடமாக நடத்துகிறேன். படம் வரைந்து, கோணம் குறித்து, இரண்டு மூட்டு ஏன் வேண்டும் என்று கேள்வி கேட்டு மதிப்பெண்ணும் போட்டிருக்கிறேன். அந்தச் சமன்பாடு சொல்வதைத்தான் அவர் சாக்கில் உட்கார்ந்து பிள்ளைகளின் கையில் கொடுத்தார். கையில் வாங்கியதை அவர்கள் மறக்கப் போவதில்லை.

ஒரு மாணவன் ஓடிப்போய்ப் பாடப்புத்தகத்தைக் கொண்டுவந்தான். அந்தப் படத்தை அவருக்குக் காட்ட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அண்ணன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். “கையெல்லாம் கிரீஸுப்பா, நீயே தள்ளு” என்று சொல்லி, அவன் பக்கம் பக்கமாகத் திருப்பத் திருப்பக் குனிந்து பார்த்தார். கியர் படம், கிளட்ச் படம், டிஃபரன்ஷியல் படம். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். ஷாஃப்ட் படம் வந்ததும், “இதேதான்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “இதெல்லாம் பள்ளிக்கூடத்துல சொல்லித் தர்றாங்களா சார்? நான் எட்டாவதோட லாரில ஏறிட்டேனுங்க” என்றார். புத்தகத்தைக் கிரீஸ் படாமல் அவர் பார்த்த விதம் இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

போன் அடித்தது. அடுத்த லோடு. எழுந்து போகும்போது, “மோட்டார் மூக்க லேசாத் தூக்குங்க, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்வு ஒண்ணா இருக்கோணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அளந்து பார்த்தோம். மூன்று டிகிரி வித்தியாசம். பிராக்கெட்டுக்கு அடியில் வாஷர் கொடுத்து ஏற்றினோம். அம்புக்குறிகளை நேராக வைத்துச் செருகி மோட்டாரை ஓட்டினோம். ஒன்பது நாளாக உயிரை வாங்கிய அந்த நடுக்கம் போன இடம் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை லாரியிலிருந்து இறங்கியபோது அவர் கையில் ஒரு கிரீஸ் கன்னும் பிளாஸ்டிக் பையில் இரண்டு புது ஜாயின்ட் கிராஸும், அதாவது மூட்டுக்குள் கவட்டைகளை இணைக்கிற சிலுவைத் துண்டுகளும் இருந்தன. “முன்னாடி கிராஸு ஆட்டம் கண்டிருந்துச்சுங்க, அன்னைக்கே சொல்ல மறந்துட்டேன்” என்றார். பணம் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. விலையையும் சொல்லவில்லை. பெயரைப் போட்டு நன்றி எழுதப் போகிறேன் என்றதற்கு, “இதுக்கெல்லாம் எதுக்குங்க பேரு” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அதனால் பெயர் இல்லை. படிக்கிறவர்களுக்கு ஆள் யாரென்று தெரியும். பார்த்தால் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ராணுவ ஏலத்தில் எடுத்துத் தென்னந்தோப்பில் நிறுத்தியிருந்த இந்த ஜிப்ஸியை ஒரு ரூபாய் வாங்காமல் எங்களுக்குத் தந்த பெரியவருக்கு நன்றி. ஓசூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்து, செல்களை எப்படி அடுக்க வேண்டும், மின்சாரத்தை முதலில் மெதுவாக விடுகிற ப்ரீசார்ஜ் ரெசிஸ்டர் ஏன் வேண்டும் என்று ஒரு நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்த பழைய மாணவனுக்கும், மின்காப்பைச் சோதிக்கிற மெகர் கருவியும் ரப்பர் கையுறையும் இரவல் தந்த லைன்மேனுக்கும், கோவை கணபதியில் எங்கள் கப்ளிங்கைப் பாதி விலைக்குக் கடைந்து தந்த லேத் பட்டறைக்கும், சனிக்கிழமைகளில் வீட்டிலிருந்து பதினொரு பேருக்கும் தக்காளி சாதம் கட்டி அனுப்பிய அம்மாக்களுக்கும் நன்றி. தலைமையாசிரியர் அம்மா, அந்த வியாழனுக்குப் பிறகும் சாவியை என் கையிலிருந்து வாங்காமல் இருந்தீர்களே, அதை மறக்க மாட்டேன்.

ஓய்வு பெற்ற ஹவில்தார் ஐயாவுக்குத் தனியாக இரண்டு வரி. பின் டிஃபரன்ஷியலில் ஏன் வெள்ளைப் பெயின்ட் என்று பிள்ளைகள் கேட்டதற்கு, இரவில் முன்விளக்கு போடாமல் வரிசையாகப் போகும்போது அந்த வெள்ளையின் மேல் ஒரு சின்ன விளக்கு விழும், பின்னால் வருகிற வண்டி அதைப் பார்த்துத்தான் தொடரும் என்று சொன்னார். அதைக் கேட்டபின் அந்த வெள்ளையைச் சுரண்டக் கூடாது என்று பிள்ளைகள் முடிவெடுத்தார்கள். ராணுவ வாகனத்துக்குச் சத்தமில்லாத ஓட்டம் எவ்வளவு முக்கியம் என்றும் அன்றைக்குத்தான் அவர்களுக்குப் புரிந்தது. 2023 ஏப்ரலில் ராணுவமே டெல்லியில் ஒரு பழைய ஜிப்ஸியை முழு மின் வண்டியாக்கிக் காட்டியது. ஐஐடி டெல்லியில் வளர்ந்த ஒரு சிறு நிறுவனம் செய்தது, 30 கிலோவாட் மோட்டார். அந்தப் படத்தைத்தான் எங்கள் பிள்ளைகள் முதலில் என்னிடம் கொண்டுவந்து, “சார், நம்மாலயும் முடியுமா?” என்று கேட்டார்கள்.

நம் வண்டி எப்போது ரோட்டுக்கு வரும் என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். வராது. ஓடுகிற வண்டியில் ஹைபிரிட் கருவி பொருத்த ஏஐஎஸ்-123 என்ற விதிப்படி சோதனையும் ஒப்புதலும் வேண்டும். அது நிறுவனங்கள் செய்கிற வேலை. இந்த ஜிப்ஸி பள்ளி மைதானத்துக்குள் மட்டும்தான் ஓடும். கேட்டைத் தாண்டாது. இது பெற்றோருக்கு நான் கொடுக்கிற வாக்கு. இனிமேல் எதை மாற்றினாலும், ஸ்டாண்டில் வைத்து முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் ஒரு பிள்ளையும் அதில் ஏறாது. இதுவும் வாக்கு.

பட்டறைச் சுவரில் மாணவிகள் சுண்ணாம்புக்கட்டியால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள்: “கழற்றும் முன் குறி போடு.” அதற்குக் கீழே ஆணியில் அந்தப் பழைய கிராஸ் தொங்குகிறது. அடுத்த ஜூனில் புதிதாக வருகிற பிளஸ் ஒன் பிள்ளைகளின் முதல் வகுப்பை நான் வகுப்பறையில் எடுக்கப் போவதில்லை. லாரிப்பேட்டைக்கு நடத்திக் கூட்டிப்போகப் போகிறேன். தலைமையாசிரியரிடம் இன்றைக்கே அனுமதி கேட்டாயிற்று.

நாளை செவ்வாய். பத்தரைக்கு லாரி வரும். தொட்டி நிறைய இருபது நிமிடம். மூன்று சுற்றுக்கு எட்டு நிமிடம் போதும் என்று பிள்ளைகள் கணக்குப் போட்டு, முன் சீட்டைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் இன்று வீட்டுக்குப் போனார்கள்.

அன்புடன்,
உங்கள் தொழிற்கல்வி ஆசிரியர்