செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், நிர்வாகிகள், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. நூலக அறைக்கு வெள்ளையடித்தோம். விளையாட்டு விழா நல்லபடியாக முடிந்தது. தெருவிளக்கு மனுவுக்குப் பலன் கிடைத்தது.

இனி, நம் ஊரைப் புதுநகரமாக விரிவாக்கும் திட்டம். வரவேற்பதா எதிர்ப்பதா என்ற வாதத்திலேயே மூன்று கூட்டங்கள் கரைந்தன. 1946-ல் இங்கிலாந்தில் புதுநகரச் சட்டத்தின் கீழ் முதலில் அறிவிக்கப்பட்ட ஊர் ஸ்டீவனேஜ். சுமார் 6,000 பேர் இருந்த ஊரை 60,000 பேருக்கான நகரமாக்கத் திட்டம். ஊரார் கொதித்துப்போய் நகரத் திட்ட அமைச்சர் சில்கின் வந்த காரின் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். ரயில் நிலையப் பெயர்ப்பலகையில், ரஷ்யாவின் ஸ்டாலின்கிராட் போல, ‘சில்கின்கிராட்’ என்று கேலியாக எழுதினார்கள். அப்படியும் நகரம் வந்தது. அதனால்தான், நகரம் எப்படி வரவேண்டும் என்பதை இப்போதே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி வருகிறேன்.

வரைவு வரைபடத்தில் நம் வடக்கு வாய்க்கால் இல்லை. கோடையில் அளந்திருக்கிறார்கள், காய்ந்து கிடந்த வாய்க்காலை வண்டிப்பாதை என்று குறித்து, அதன் இருபுறமும் குடியிருப்புக்கான மஞ்சள் பூசியிருக்கிறார்கள். பெருமழைக்கு மறுநாள் காலை அளவுக்கோலோடு அங்கே இறங்கினேன். தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஓடியது. மதகுச் சுவரில் பழைய வெள்ளம் விட்டுப்போன சேற்றுக்கறை என் மார்பு உயரத்தில் இருந்தது. மண் குடிக்கிற நீரைத் தாரும் கான்கிரீட்டும் குடிக்காது. மேட்டில் ஆயிரக்கணக்கில் வீடு வந்தால் அத்தனை நீரும் ஒரே மூச்சில் இங்கேதான் இறங்கும். இங்கிலாந்தின் இன்னொரு புதுநகரமான மில்டன் கீன்ஸில் இதற்காகவே வில்லென் ஏரி போன்ற வெள்ளத் தாங்கல் ஏரிகளை அமைத்தார்கள். நமக்கும் அது வேண்டும். அதே நகரம் 1967-ல் அறிவிக்கப்பட்டது. பெரிய மருத்துவமனை திறந்ததோ 1984-ல். ஆகவே வீட்டுக்கு முன்னால் பள்ளி, மருத்துவமனை, கழிவுநீர் நிலையம் என்று வரிசையையும் நம் ஆட்சேப மனுவில் சேர்த்திருக்கிறேன்.

நிலம் கொடுப்பவர்கள் பங்கும் அப்படித்தான். நவி மும்பைக்காக 95 கிராமங்களின் நிலம் குறிக்கப்பட்டது. 1984 போராட்டத்தில் உயிர்ப்பலியே நடந்தது. எடுத்த நிலத்துக்கு ஈடாக 12.5 சதவீதம் மேம்படுத்திய மனை என்ற திட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. அவ்வளவு தூரம் போகும்வரை நாம் காத்திருக்க வேண்டாம்.

வாய்க்கால், ஒற்றையடிப் பாதை, மழைநீர் தேங்கும் இடம் எல்லாம் காட்டும் நமது சொந்த வரைபடத்துக்காக ஊரைச் சுற்றி நடக்க அழைத்தேன். வருகிறோம் என்று தலையாட்டியவர்கள் இருபது பேருக்கு மேல். வந்தவர்கள் நான்கு பேர். சரி, வேலை இருந்திருக்கும். ஆனால் நிலம் என்ன விலை போகும் என்று கேட்க அதே வாரம் என் வீட்டுக்கு வர மட்டும் எல்லோருக்கும் நேரம் இருந்தது. மனசு வலித்ததால் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பொதுவாக வரவுக்குள் செலவு அடங்கியது. வரைபட நகல் எடுத்ததில் கொஞ்சம் கூடிப்போனது. அதைக் கைக்காசில் சரிக்கட்டினேன், திருப்பிக் கேட்கவில்லை. சந்தா பாக்கி மட்டும் பாதிப் பட்டியலுக்கு நீள்கிறது. இரண்டு ஆண்டாகக் கட்டாதவர்களும் அதில் உண்டு. ஆட்சேப மனுவோடு உறுப்பினர் பட்டியலையும் இணைக்கிறோம். நடப்புச் சந்தா கட்டியவர்களைத்தான் விதிப்படி அதில் சேர்க்க முடியும்.

தலைவருக்கும், பொருளாளருக்கும், கூட்டத்துக்கு இடம் தந்தவர்களுக்கும், மழையில் என்னோடு நடந்த நால்வருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பில் யார் இருப்பது என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். வரைபடத்தில் தெற்குப் பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. ஆட்சேபக் கெடு முடிவதற்குள் அதை முடித்தாக வேண்டும். ஞாயிறு காலை ஆறு மணிக்கு மதகடியில் அளவுக்கோலோடு இருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்