பத்தாவது தூண்

அன்பு மகளுக்கு,

நலம்தானே? பண்டாரவளையில் மூன்று நாளாக விடாத மழை. அலுமாரி மேலிருந்த உன் லெகோ பெட்டியை உன்னைக் கேட்காமலே இறக்கிவிட்டேன், கோபிக்காதே. அடுத்த சனிக்கிழமை பதுளையில் லெகோ கட்டும் போட்டி. கீழ்த் தோட்டத்துப் பிள்ளைகள் நால்வரைக் கூட்டிப் போகிறேன்.

தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தைத்தான் கட்டுவோம் என்று நால்வரும் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். 1921இல் இரும்பே சேர்க்காமல் கல்லாலும் செங்கல்லாலும் சிமெந்தாலும் எழுப்பிய பாலம். நமக்கோ கட்டைகளை ஊன்றும் தளத்தட்டிலேயே தகராறு. ஒரு பக்கத்துக்கு, கட்டை மாட்டும் குமிழ் 48. ஒன்பதால் வகுத்தால் 3 மிஞ்சுகிறது. முதல் நாள் மாலை முழுவதும் அந்த மூன்றோடு மல்லுக்கட்டினோம். கடைசியில், ஆறாம் வகுப்புப் படிக்கும் சின்னவள் கொப்பியில் கோடு போட்டுக் காட்டினாள்: ஒன்பது திறப்புக்கு நாலு நாலு குமிழ், பத்துத் தூணுக்கு ஒவ்வொன்று. ஆக 46. மிச்சம் இரண்டும் இரு கரைக்கு. முப்பது வருடம் கணக்குப் படிப்பித்த எனக்கு அந்தப் பத்தாவது தூண் தோன்றவே இல்லை!

வளைவுக் கட்டை நம்மிடம் இரண்டுதான். அதனால் தூண் தலையில் மூன்று குமிழ்க் கட்டையை வைத்து இருபுறமும் ஒவ்வொரு குமிழ் நீட்டுகிறோம். நடுவில் மிஞ்சும் இடைவெளியை நாலு குமிழ்க் கட்டையால் மூடுகிறோம். தள்ளி நின்று பார்த்தால் வளைவு போலத்தான் இருக்கிறது. சாம்பல் நிறக் கட்டைகளும் போதாது. முன்பக்கம் கருங்கல், பின்பக்கம் தீபாவளி. அசல் பாலம் வளைந்து போகிறது, நம்முடையது நேராக நிற்கிறது. இதற்காகப் பெரியவன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

போட்டிக்கு இரண்டு மணி நேரம். முதல் தடவை மூன்றைத் தாண்டியது. கட்டைகளை நிறம் பார்த்துப் பிரிப்பதை விட்டு நீளம் பார்த்துப் பிரித்தோம். நாற்பது நிமிடம் மிச்சமானது. இன்னும் கொஞ்சம் குறைய வேண்டும்.

அப்படிப் பிரிக்கும்போதுதான் கண்டேன்: ஒரு மஞ்சள் கட்டையின் விளிம்பில் உன் முன்பல் தடம். பல்லால் கழற்றாதே என்று எத்தனை முறை கத்தியிருப்பேன்! இப்போது சின்னவளும் அதையே செய்கிறாள். சத்தம் போட எனக்கு வாய் வரவில்லை.

நீ அனுப்புவதாகச் சொன்ன பெரிய லெகோ பெட்டி வேண்டாம். சனிக்கிழமைக்குள் வந்து சேராது. கட்டை கழற்றும் அந்தச் சின்னக் கருவி இரண்டை மட்டும் அனுப்பிவை, பிள்ளைகளின் பல்லாவது தப்பட்டும். உன் மஞ்சள் கட்டை எட்டாவது தூணின் பின்பக்கம் போகிறது. நடுவர் அங்கே பார்க்க மாட்டார்.

அன்புடன்,
அம்மா