வசநாவி வளர்ப்போர் கவனத்துக்கு

உறுப்பினர்களே, வசநாவியை (மாங்க்ஸ்ஹூட்) நடும் முன் இதைப் படித்துவிடுங்கள். வேர் முதல் விதை வரை செடி முழுக்க அகோனிட்டின் என்ற நஞ்சு, கிழங்கில்தான் அதிகம். தோல் வழியாகவும் ஏறும், கீறல் இருந்தால் இன்னும் வேகமாக. துணிக் கையுறை சாற்றை உறிஞ்சிவிடும், எனவே ரப்பர் கையுறைதான். கத்தரியையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இடம்: காய்கறி, கீரைப் பாத்தி பக்கமே வேண்டாம். இளந்தளிர் பார்சிலி என்ற கீரை போலவும், கிழங்கு சிறு முள்ளங்கி போலவும் இருக்கும். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பெயர்ப்பலகை கட்டாயம். குழந்தைகளோ நாய், பூனையோ புழங்கும் இடமென்றால் இந்தச் செடியே வேண்டாம் என்பேன்.

குளிர்ப் பிரதேசச் செடி இது. வெப்பமான இரவுகளில் சோர்ந்துவிடும். அரை நிழல், மட்கு கலந்த ஈர மண், 45 செ.மீ. இடைவெளி. ஈரம் என்றால் தண்ணீர் தேங்குவது அல்ல. தேங்கினால் கிழங்கு அழுகும். மண் காய்ந்தால் கீழ் இலைகள் கருகும். ஒரு மீட்டருக்கு மேல் உயரும் தண்டுக்கு முட்டு கொடுங்கள். இடம் மாற்றினால் கோபித்துக்கொண்டு ஓராண்டு பூக்காமலும் இருக்கும்! நெருக்கம் கூடினால் மட்டும் இலையுதிர் காலத்தில் கிழங்கைப் பிரித்து நடலாம்.

கழிவை எரிக்காதீர்கள், பையில் கட்டி அகற்றுங்கள்.

வாய், விரல் மரத்துப்போனாலோ வாந்தி, படபடப்பு வந்தாலோ தாமதமின்றி மருத்துவமனைக்குப் போங்கள். இந்த நஞ்சுக்கு முறிவு மருந்து கிடையாது. செடியின் படத்தைக் காட்டுங்கள்.