ராரிட்டன் விரிகுடாவில் தூண்டில் போடும் தமிழர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள தூண்டில்காரர்களே,

ஏப்ரல் பிறந்துவிட்டால் நியூ ஜெர்சியின் ராரிட்டன் விரிகுடாக் கரையிலும் சாண்டி ஹூக்கிலும் விடியும் முன்பே தமிழ்ப் பேச்சு கேட்கிறது. ஃபிளாஸ்கில் காபி, டப்பாவில் புளிசாதம், மணலில் நட்ட தூண்டில். நானும் உங்களில் ஒருவன்தான். மீன் பிடிக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. இங்கே நாம் பிடிக்கிற, உடம்பில் கோடுகள் ஓடும் கடல் மீனான ஸ்ட்ரைப்டு பாஸைக் குளத்து பாஸ் மாதிரி நடத்தாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

அந்தத் தப்பை முதலில் செய்தவன் நானே. இரண்டு வருஷத்துக்கு முன், ஒரு மே மாதக் காலை, 38 அங்குல மீன் மாட்டியது. குளத்தில் லார்ஜ்மவுத் பாஸுக்குச் செய்கிற பழக்கத்தில், கீழ்த்தாடைக்குள் கட்டைவிரலை விட்டுத் தூக்கித் தொங்கவிட்டேன். பையன் படம் எடுத்தான். வெளிச்சம் சரியில்லை என்று இன்னொன்று எடுத்தான். தாடையே பிய்ந்துவிடுமோ என்கிற மாதிரி உடம்பின் கனம் முழுவதும் கீழே இழுத்தது. தண்ணீரில் விட்டதும் ஒருக்களித்துச் சாய்ந்தது, செவுள் மட்டும் அசைந்தது. இடுப்பளவு தண்ணீரில் அதை நிமிர்த்திப் பிடித்தபடி பத்து நிமிஷம் நின்றேன். ஒரு வழியாக வாலை அடித்துப் போனது. பிழைத்ததா என்று தெரியாது.

பெயரில் பாஸ் இருப்பதால் இரண்டும் ஒரே சாதி என்று நினைத்துவிடுகிறோம். லார்ஜ்மவுத் வேறு குடும்பம், குளத்துச் சன்ஃபிஷ்களுக்குச் சொந்தம். நம் கையில் வருவது பெரும்பாலும் இரண்டு மூன்று பவுண்டு, அதைத் தாடையில் தூக்கினால் தாங்கும். அதன் ஆண், அடிமணலில் கூடு பறித்து, நம்மூர் விரால் மாதிரி முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் இருக்கும். ஸ்ட்ரைப்டு பாஸுக்குக் கூடும் இல்லை, காவலும் இல்லை. கடலில் வளர்ந்து, வசந்தத்தில் ஆறேறி, ஓடும் நன்னீரில் முட்டையைக் கொட்டிவிட்டுப் போய்விடும். முட்டை பொரிய ஏறத்தாழ இரண்டு நாள். அதுவரை நீரோட்டம் அதை மிதக்க வைத்திருக்க வேண்டும், சேற்றில் படிந்தால் போச்சு. அதனால்தான் ஒரு பெரிய பெண் மீன் லட்சக்கணக்கில், பத்து லட்சத்துக்கு மேலும்கூட, முட்டை போடுகிறது. முப்பது பவுண்டைத் தாண்டிய மீன் அநேகமாகப் பெண்தான். அன்று நான் தொங்கவிட்டது பெண்ணாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

“இது நம்ம கொடுவாதானே” என்று கரையில் யாராவது சொல்லாமல் இருப்பதில்லை. குழம்பில் போட்டால் எனக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, சரி. ஆனால் பிழைப்பு தலைகீழ். கொடுவா ஆற்றிலும் காயலிலும் வளர்ந்து, முட்டையிடக் கடலோரத்துக்கு இறங்கும். ஆணாகத் தொடங்கிப் பிற்பாடு பெண்ணாக மாறும். ஸ்ட்ரைப்டு பாஸ் அப்படி மாறுவதில்லை, பெண் ஆண்டுக்கணக்கில் மெதுவாக வளர்ந்துதான் பெரிதாகிறது. முப்பது வயதுவரைகூட இருக்கும்.

கடையில் பாஸ் என்ற பெயரில் விற்பதை வைத்தும் கணக்குப் போடாதீர்கள். சிலியன் சீ பாஸ் என்பது பாஸே அல்ல. டூத்ஃபிஷ் என்ற அதன் சொந்தப் பெயரில் விற்காது என்று 1977-ல் ஒரு வியாபாரி சூட்டிய பெயர் அது. பிரான்சீனோ என்கிற ஐரோப்பியக் கடல் பாஸ் மட்டும் ஸ்ட்ரைப்டு பாஸுக்கு நிஜமான சொந்தக்காரன், அதே குடும்பம். ஸ்ட்ரைப்டு பாஸ் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் வொயிட் பாஸோடு கலந்து பண்ணையில் வளர்த்த கலப்பினம். கோடுகள் நடுவில் உடைந்து உடைந்து இருந்தால் அதுதான். நியூ ஜெர்சியில் கடல் ஸ்ட்ரைப்டு பாஸை வியாபாரத்துக்குப் பிடிக்கவே கூடாது. ஆகவே கடைப் பெட்டி நிறைந்திருப்பதால் கடலும் நிறைந்திருக்கிறது என்று பொருளில்லை.

“இது அழியுற மீனா?” என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை உண்டு. சாண்டி ஹூக்குக்குப் பின்னால் இருக்கும் நேவசிங்க் ஆற்றிலிருந்து 1879-ல் நூற்றுச் சொச்சம் குஞ்சுகளை ரயிலேற்றி கலிஃபோர்னியாவில் விட்டார்கள், 1882-ல் இன்னொரு முன்னூறு. 1899-ல் அங்கே ஒரே ஆண்டில் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் பிடித்தார்கள். அப்படிப் பெருகுகிற மீன்தான் இந்தக் கரையில் 1980-களில் சரிந்தது. மேரிலாந்து 1985 முதல் 1990 வரை பிடிக்கவே தடை போட்டது. மீண்டு வந்தது, இப்போது மறுபடி இறக்கம். இந்த மீனின் பெரிய நாற்றங்கால் செசபீக் விரிகுடா. அங்கே மேரிலாந்து ஆண்டுதோறும் வலை போட்டுக் குஞ்சு எண்ணுகிறது. 2023-ல் ஒரு வலைக்குச் சராசரி 1 குஞ்சு. நீண்டகாலச் சராசரி 11.

அதே 2023-லிருந்து நாளுக்கு ஒரு மீன், 28-லிருந்து 31 அங்குலம்வரை என்று விதியை இறுக்கினார்கள். 2015-ல் பிறந்த நல்ல தலைமுறையைக் காப்பாற்றத்தான் அது. ஆனால் திருப்பி விடுவதிலும் நூற்றுக்கு ஒன்பது சாகிறது என்றுதான் மீன்வள ஆணையமே கணக்கில் வைக்கிறது. தண்ணீர் சூடானால் இன்னும் மோசம்.

அதனால் இரை கோத்தால் சர்க்கிள் ஹூக் போடுங்கள், 2021 முதல் சட்டமும் அதுதான். முனை உள்நோக்கி வளைந்திருப்பதால் குடலில் குத்தாமல் வாயோரத்தில் மாட்டும். பெரியது வந்தால் மணலில் புரட்டாமல், ஈரக் கையால் வயிற்றைத் தாங்கிப் படுக்கைவசமாகப் பிடியுங்கள். படம் ஒன்று போதும். ஜூலை வெயிலில், விடுவதற்கென்றே பிடிக்கிற வேலையும் வேண்டாமே. அளவுக்குள் இருக்கும் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய் வறுத்துச் சாப்பிடுங்கள், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஏப்ரலில் பார்ப்போம். அளவு நாடா இல்லாதவர்கள் என்னிடம் கேளுங்கள், இரண்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்