சாம்பார் இட்லிக் கடன்

பாளையங்கோட்டை,
ஞாயிறு இரவு

அன்புள்ள முரளி,

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்து உன்னை ஒருவர் வாயார வைதார். யார், எதற்கு என்பதை இப்போது சொல்லமாட்டேன். மர்மத்தொடர் பற்றிய கடிதம், அதனால் மர்மத்தொடர் முறைப்படிதான் போகும். பொறுமையாக வாசி.

ஒன்றரை வருஷமாகப் பேச்சில்லை. தப்பு என் பேரிலும் இருக்கிறது, உன் பேரிலும் இருக்கிறது. செல்வம் வீட்டுப் பால்காய்ப்பில் பார்த்தது, அதற்கப்புறம் பொங்கலுக்கு நீ அனுப்பிய கரும்புப் படம் ஒன்று. இதையும் வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் தாளும் பேனாவும். இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் வழக்கம். ஏறக்குறைய சௌக்கியம். உனக்குச் சர்க்கரை எவ்வளவு என்று செல்வம் சொன்னான். வாயைக் கட்டு.

விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு நான் ஏழு நாள் சாம்பார் இட்லி கடன்பட்டிருக்கிறேன். ரத்னா கஃபே, தினம் ஒரு பிளேட், நீ கேட்டால் இரண்டாவது வாளி சாம்பாரும் சேர்த்து. 2010 மே மாதம், கத்திரி வெயில், திருவல்லிக்கேணி மேன்ஷன் மொட்டை மாடி. விமானம் விழுந்து ஒரு தீவில் மாட்டிக்கொண்டவர்களின் கதையான ‘லாஸ்ட்’ என்ற அமெரிக்க டிவி தொடர் முடிந்த அன்று நாம் கட்டிய பந்தயம் ஞாபகம் இருக்கிறதா? இருக்கும். இந்த மாதிரி விஷயங்களை நீ மறந்ததில்லை.

பதினைந்து வருஷமாக நான் சொல்லிவந்தது ஒன்றுதான்: விமானம் விழுந்த அன்றைக்கே எல்லாரும் செத்துவிட்டார்கள், ஆறு சீசன் நம்மை ஏமாற்றினார்கள். ஆபீசில் சொன்னேன், கல்யாண வீட்டுப் பந்தியில் சொன்னேன், அகிலாவைப் பெண் பார்க்கப் போனபோது அவள் தம்பியிடம்கூடச் சொன்னேன். நீதான் ‘இல்லைங்க, தீவு நெசம், அந்தக் கடைசிச் சர்ச்சு மட்டும்தான் செத்ததுக்கு அப்புறம்’ என்று கோயம்புத்தூர் மரியாதையோடு மறுத்துக்கொண்டே இருந்தாய். அந்த ‘ங்க’தான் எனக்குக் கூடுதல் எரிச்சல்.

பொன்னிக்கு ஏப்ரலில் லீவு விட்டதும் தானாகவே அந்தத் தொடரைக் கண்டுபிடித்துப் போட்டாள். பார்க்காதே, முடிவு ஏமாற்று என்றேன். பெற்ற மகளிடம் ஒன்றைப் பார்க்காதே என்றால் என்ன நடக்குமோ அது நடந்தது. 121 எபிசோடையும் முடித்துவிட்டோம், போன வாரம். அகிலா மட்டும் இரண்டாவது சீசனிலேயே ‘இழுவை’ என்று எழுந்து போனாள். அவள் கணக்குப்படி ஒரு பெட்டியைத் திறக்க ஒரு சீசன், திறந்த பெட்டிக்குள் இன்னொரு பெட்டி. அவளையும் குற்றம் சொல்ல முடியாது.

கடைசி எபிசோடில் கதாநாயகன் ஜாக்கின் செத்துப்போன அப்பா சொல்வதைப் பொன்னி நிறுத்தி, பின்னால் ஓட்டி, எனக்காக இரண்டு தடவை போட்டுக் காட்டினாள். நடந்ததெல்லாம் நிஜம், எல்லாரும் ஒருநாள் சாகத்தான் செய்கிறார்கள், சிலர் உனக்கு முன்னால், சிலர் உனக்கு வெகு காலத்துக்கு அப்புறம் என்று அந்த மனிதர் தெளிவாகத்தான் சொல்கிறார். கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்கிறார். அப்புறம் 2010-ல் எனக்கு எப்படிக் கேட்காமல் போயிற்று? யோசித்து யோசித்துக் கண்டுபிடித்துவிட்டேன். சரியாக அந்த நேரத்தில்தான் செல்வம் மிக்சர் பொட்டலத்தைப் பிரித்தான். வசன எழுத்தும் அந்தக் காப்பியில் கிடையாது. மறு அடியாகப் பெயர்கள் ஓடும்போது கடற்கரையில் ஆளே இல்லாமல் விமானத்தின் உடைசல் மட்டும் கிடந்தது. ‘பார்த்தியா, ஒருத்தனும் பிழைக்கலை’ என்று நான் குதித்தேன்.

அந்த உடைசல் காட்சி கதையே இல்லையாம், முரளி. அடுத்து வரும் செய்திக்கு முன்னால் பார்க்கிறவர்கள் மூச்சு விட்டுக்கொள்ளட்டும் என்று ஏபிசி சேனல்காரர்கள் பழைய படப்பிடிப்புக் காட்சியை ஒட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 35 லட்சம் பேர் பார்த்தார்கள். என்னைப் போல அதில் எத்தனை பேர் குதித்தார்களோ. இன்றைக்கும் நான் சொல்லி நம்பவைத்தவர்கள் பாளையங்கோட்டையில் மட்டும் பத்துப் பேர் இருப்பார்கள். அவர்களை எங்கே தேடிப்போய்த் திருத்துவது?

ஆக, தோற்றேன். ஆனால் சந்தோஷப்படாதே. முடிவு புரிந்தது என்கிறேன். நன்றாக இருந்தது என்று சொன்னேனா?

தீவுக்கே உயிர் என்று காட்டிய அந்தக் குகையும் வெளிச்சமும், அதன் நடுவில் ஒரு கல் அடைப்பானும். டெஸ்மண்ட் என்பவன் அதைப் பிடுங்க, ஜாக் திரும்பச் சொருக, ஆறு வருஷ மர்மம் தீர்ந்ததாம். மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை. வால்ட் என்ற பையனை அவ்வளவு பெரிய அதிசயப் பிள்ளையாகக் காட்டினார்களே, அவன் எங்கே போனான்? கதையில் மூன்று மாதம் ஆவதற்குள் நிஜத்தில் அந்தப் பையன் கிடுகிடுவென்று வளர்ந்துவிட்டான், ஓரங்கட்டிவிட்டார்கள். வளர்கிற வயசுப் பையனைப் போட்டால் வளருவான் என்பது இவ்வளவு யோசிக்கிறவர்களுக்குத் தோன்றாதா? வில்லனாக வந்த கறுப்புச் சட்டைக்காரனுக்குக் கடைசிவரை பெயரே வைக்கவில்லை. பொன்னி ஒரு நோட்டில் பதில் வராத கேள்விகளை எழுதி வைத்திருக்கிறாள், 31 இருக்கிறது. அட்டையில் ‘விடைத்தாள்’ என்று எழுதி உள்ளே காலியாக விட்டிருக்கிறாள். என் மகள்தான், சந்தேகமில்லை.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். ‘ஆளுங்களைப் பாருங்க, புதிரைப் பார்க்காதீங்க.’ அதில் பாதி நியாயம் இருக்கிறது, இப்போதுதான் ஒத்துக்கொள்கிறேன். பென் என்ற அந்த முட்டைக்கண்ணனை மூன்று எபிசோடுக்குத்தான் கூப்பிட்டார்களாம். நடித்த விதத்தைப் பார்த்துக் கடைசிவரை வைத்துக்கொண்டார்கள். ஜாக்கையே முதல் எபிசோடில் கொன்றுவிடத்தான் முதலில் திட்டம். அவன் இல்லாமல் யோசித்துப் பார். நட்ட நடுவில் நிக்கி, பவுலோ என்று இரண்டு பேரைத் திணித்து, சனங்கள் கத்திய கத்தலில் அந்த இரண்டு பேரையும் உயிரோடு புதைத்தும் விட்டார்கள். பார்க்கிறவர்கள் கூச்சலுக்கு இவ்வளவு பயந்தவர்கள், எங்கள் 31 கேள்விக்கும் கொஞ்சம் பயந்திருக்கலாம். 2007-லேயே இன்ன வருஷம் முடிக்கிறோம் என்று தேதி குறித்துவிட்டார்கள். அப்புறம் மூன்று வருஷம் இருந்ததே! நம் ஊர் மெகா சீரியல்காரனுக்குக் கூட அவ்வளவு அவகாசம் கிடைப்பதில்லை.

கொரியாக்காரர்களுக்கு வேறே மனத்தாங்கல். ஜின் என்ற கொரியாக்காரனாக வந்த டேனியல் டே கிம் அமெரிக்காவில் வளர்ந்தவர், அவர் பேசிய கொரிய மொழியைக் கேட்டு அந்த ஊரில் முகம் சுளித்தார்களாம். நாம் அந்த ஆளை எவ்வளவு ரசித்தோம். சினிமாவில் வட நாட்டுக் கதாநாயகி தமிழ் பேசும்போது நமக்கு வருமே, அதே நோவு அவர்களுக்கு.

இப்போது அம்மா.

அம்மா எங்களோடு பார்த்தாள். முழுசும். ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது, பொன்னி பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். சையித் என்ற பாத்திரம் வந்ததுமே, ‘இது நம்ம பக்கத்து முகம்லா’ என்றாள் அம்மா. இல்லை ஆச்சி, ஈராக் ராணுவக்காரன் என்று பொன்னி சொல்லியும் கேட்கவில்லை. தேடிப் பார்த்தால் அந்த வேஷம் கட்டிய நவீன் ஆண்ட்ரூஸ் பிறந்தது லண்டன், அப்பா அம்மா கேரளம். ‘அதான பாத்தேன்’ என்று ஒரு பார்வை பார்த்தாள் பார், தடயவியல் நிபுணர் தோற்றார்.

தொடரில் திரும்பத் திரும்ப வருகிற அந்த ஆறு எண்கள் இருக்கிறதே, 4, 8, 15, 16, 23, 42. கூட்டினால் 108. 108 நிமிஷத்துக்கு ஒரு தடவை பொத்தானை அமுக்க வேண்டும், இல்லாவிட்டால் உலகம் அழியும் என்று அந்த ஆட்கள் நடுங்குகிறார்கள். அம்மாவுக்கு விளங்கவே இல்லை. ‘நூத்தியெட்டு நல்ல எண்ணுல்லா, அதுக்கு எதுக்குப் பயப்படுதான்?’ தீவில் ஆராய்ச்சி நடத்திய கூட்டத்தின் தர்மா என்ற பெயரையும், பழைய ஃபிலிமில் அந்த டாக்டர் ‘நமஸ்தே’ என்று முடிப்பதையும் கேட்டுவிட்டு இவளும் திருப்பிக் கும்பிட்டாள். 2011 ஜனவரியில் அமெரிக்காவில் மெகா மில்லியன்ஸ் லாட்டரியில் அந்த ஆறில் நான்கு எண்கள் விழுந்ததும், விளையாட்டாக அதையே கட்டியிருந்த ஆயிரக்கணக்கான பேருக்குச் சில்லறைப் பரிசு கிடைத்ததும் சொன்னேன். ‘பின்ன? நூத்தியெட்டு கைவிடுமா?’ என்றாள். கதையில் அந்த எண்களைக் கட்டி ஜெயித்த ஹர்லியின் பிழைப்பு நாசமானதை நாங்கள் நினைவுபடுத்தவில்லை.

கடைசியில் சர்ச்சுக்குள் எல்லாரும் கூடுகிற காட்சி. அதற்கு முன்னால் ஜாக் அப்பாவோடு பேசுகிற அறையில் வண்ணக் கண்ணாடி சன்னலில் சிலுவை, பிறை, நட்சத்திரம் என்று ஒவ்வொரு மதத்துச் சின்னமாக இருக்கிறது. பொன்னி டிவியை நிறுத்திக் கிட்டே போய் விரல் வைத்தாள், ஓம். அம்மா உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்த நொடி, ‘செருப்பைக் கழத்தாம உள்ள போறாம்பாரு எல்லாவனும்’ என்றாள். பென் மட்டும் உள்ளே வராமல் வாசலில் உட்கார்ந்திருப்பானே, ‘அவன் ஒருத்தனுக்குத்தான் புத்தியிருக்கு’. பதினைந்து வருஷமாக நீயும் நானும் மாய்ந்து மாய்ந்து சண்டை போட்டதில் இந்தக் கோணம் வரவே இல்லை.

இதையெல்லாம் சிரிப்பாக எழுதிவிட்டேன். இன்னொன்றும் இருக்கிறது. அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது, முரளி. வயசுக்கு வருகிற மறதி இல்லை, அதைத் தாண்டியது என்று டாக்டர் சொல்லி எட்டு மாதமாகிறது. உன்னோடு பேசாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தினமும் ராத்திரி டிவி முன்னால் உட்கார்ந்ததும், ‘இவங்கல்லாம் யாரு, ஏன் காட்டுல கெடக்காங்க?’ என்று கேட்பாள். பொன்னி முதலிலிருந்து சொல்வாள். சிட்னியிலிருந்து விமானம் கிளம்பினது, மூன்றாய்ப் பிளந்தது, ஜாக் டாக்டர், லாக் நடக்கமுடியாதவர். முதலில் இருபது நிமிஷம் ஆயிற்று. ஜூன் கடைசியில் ஒரு நிமிஷத்தில் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டாள். ஒரு நாளும் ‘நேத்தே சொன்னேனே ஆச்சி’ என்று சொன்னதில்லை. நான் சொல்லியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் சாக்லெட் எந்திரம் முன்னால், தீவில் காதலித்த சாயரும் ஜூலியட்டும் நிற்பார்களே, ஒருவரையொருவர் யாரென்றே தெரியாமல். கை பட்டதும் எல்லாம் ஞாபகம் வந்து அவர்கள் அழுகிற காட்சி. மொட்டை மாடியில் நீ அந்த இடத்தில் மூக்கை உறிஞ்சினாய், நான் ஒரு மாதம் உன்னைக் கேலி செய்தேன். அம்மா பொன்னியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ‘தொட்டா ஞாபகம் வந்திருமாட்டி?’ என்று கேட்டாள். பொன்னி ஒன்றும் சொல்லவில்லை. நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன், அடுப்படியில் விளக்கைப் போடாமலே கொஞ்ச நேரம் நின்றேன்.

மறுநாள் காலையில் என்னைத் தாமு மாமா என்று நினைத்து, ரயிலுக்கு நேரமாச்சு என்று விரட்டினாள். கையைப் பிடித்துக்கொண்டுதான் விரட்டினாள்.

சரி, உன்னை வைத விஷயம். போன ஞாயிறு அகிலா சொதி வைத்திருந்தாள், இஞ்சித் துவையலோடு. அம்மா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள். ‘இதைப்போயி குருமான்னு சொன்னாமுல்லா ஒரு கோயம்புத்தூர்ப் பய. தேங்கா பிழிஞ்சு பிழிஞ்சு கையி நொந்து வெச்சா, குருமாவாம். நாக்குல கொள்ளிய வைக்க.’ உன் பெயர் வரவில்லை. எந்த வருஷம் என்று தெரியவில்லை. ஆனால் நீ எந்த இடத்தில் உட்கார்ந்தாய், எத்தனை தடவை வாங்கிச் சாப்பிட்டாய், எல்லாம் சொன்னாள். ஐந்து தடவையாம். நான் நான்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

சரஸ்வதி பூஜைக்கு உனக்கும் லீவு இருக்குமே. கிளம்பி வா. இட்லிக் கடனை அப்புறம் சென்னையில் தீர்த்துக்கொள்ளலாம், செல்வத்தையும் கூப்பிட்டுக்கொண்டு, மிக்சர் இல்லாமல். அன்றைக்கு அகிலாவைச் சொதி வைக்கச் சொல்கிறேன். ரொம்ப வருஷமாக உன்னிடம் வாயை மூடிக்கொண்டு சாப்பிடு என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். இந்தத் தடவை முதல் வாய் போட்டதும், அம்மாவுக்குக் கேட்கும்படியாகச் சத்தமாகச் சொல்: ‘குருமா பிரமாதமுங்க, அம்மா.’

அன்புடன்,
சங்கரன்

பி.கு: பொன்னியின் 31 கேள்விகளையும் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஆளைத்தான் பார்க்கிறவர் என்றாலும் வரும்போது பதிலோடு வரவும்.