பிப்ரவரி 28 சாலை

அன்புள்ள கண்ணம்மா,

அக்ராவில் ஆபீஸ் போகிற வழியில் ‘பிப்ரவரி 28 சாலை’ என்று பலகை இருக்கிறது, தேதியைப் போய் ரோட்டுக்குப் பெயராக வைப்பார்களா அப்பா என்று கேட்டாயே, போனில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. அதான் எழுதுகிறேன்.

நீ இருக்கிற கானாவுக்கு பிரிட்டிஷ்காரர்கள் ஆண்ட காலத்தில் கோல்ட் கோஸ்ட் என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் அங்கிருந்து ஆயிரக்கணக்கான பேரை பிரிட்டிஷ்காரர்கள் படையில் சேர்த்தார்கள். அவர்களில் பலர் வந்தது நம் பக்கம்தான். இந்தியாவில் இறங்கி, பர்மா போய், அரக்கான் காட்டில் ஜப்பானியரோடு சண்டை போட்டார்கள். லாரி நுழையாத களடான் பள்ளத்தாக்கில் தோட்டாப் பெட்டியும் சாப்பாட்டுச் சாமானும் தலைச்சுமையாகவே போயின. மலையேற்றம், சேறு, மலேரியா. அதே சேற்றில் வெள்ளைக்காரனும் காய்ச்சலில் நடுங்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். அவனைப் பற்றி இருந்த பயம் அங்கேதான் போயிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ‘வெளியேறு’ என்று ஒரு ஜனமே கேட்கிற நாட்டையும் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார்கள்.

எந்த மக்களும் தங்கள் அரசைத் தாங்களே தேர்ந்துகொள்ளலாம் என்று 1941-இல் ரூஸ்வெல்ட்டும் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலும் வெளியிட்ட அட்லாண்டிக் சாசனம் சொன்னது. அது ஹிட்லர் பிடித்த ஐரோப்பாவுக்குத்தான் என்று சர்ச்சில் விளக்கம் கொடுத்தார். ஆனால் காலனி நாடுகளில் அதைப் படித்தவர்கள் தங்களுக்கும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள்.

ஊருக்கு வந்தால் வேலை இல்லை, சொன்ன சலுகை வரவில்லை, துணிமணி விலை தாறுமாறு. 1948 பிப்ரவரி 28, சனிக்கிழமை. முன்னாள் சிப்பாய்கள் கவர்னருக்கு மனு கொடுக்க, அக்ராவில் அவர் இருந்த கிறிஸ்டியன்ஸ்போர்க் கோட்டையைப் பார்த்து நடந்தார்கள். கையில் ஆயுதம் இல்லை. நாற்சந்தியில் போலீஸ் மறித்தது. சுடு என்று சொல்லியும் போலீஸ்காரர்கள் தயங்கினார்கள். வெள்ளைக்கார அதிகாரி இம்ரே துப்பாக்கியைப் பிடுங்கித் தானே சுட்டார். சார்ஜண்ட் அட்ஜெட்டி, கார்ப்பரல் அட்டிபோ, பிரைவேட் ஒடார்ட்டி லாம்ப்டே மூவரும் செத்தார்கள். யாருக்காகப் போர்முனைக்குப் போனார்களோ அவர்கள் கையாலேயே செத்தார்கள். இதை எழுதும்போதும் எனக்கு மனசு ஆறவில்லை.

அன்றைக்கே அக்ரா பற்றி எரிந்தது. பின்னால் கானாவின் முதல் பிரதமரான என்க்ருமா உள்ளிட்ட ஆறு தலைவர்களைப் பிடித்துப் போட்டார்கள். அதே என்க்ருமா 1951-இல் சிறையிலிருந்தே தேர்தலில் ஜெயித்தார். 1957 மார்ச் 6-இல் கானாவுக்குச் சுதந்திரம். அந்தச் சனிக்கிழமையிலிருந்து ஒன்பது வருஷமும் ஆறு நாளும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அதே 1948 பிப்ரவரி 28-இல்தான் கடைசி பிரிட்டிஷ் படைப்பிரிவு பம்பாய் கேட்வே ஆஃப் இந்தியா வழியாகக் கப்பலேறிப் போனது. இத்தனை வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்தும் இந்த இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை. நீ கேட்டதால்தான் உட்கார்ந்து தேடினேன்.

அந்த மூவருக்கும் சுதந்திரச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் நினைவிடம் இருக்கிறதாம். ஒரு நாள் காலையில், வெயில் ஏறுவதற்குள் போய்ப் பார். முடிந்தால் எனக்காகக் கொஞ்சம் பூ வை.

அன்புடன்,
அப்பா