தாமிரபரணி அணைக்கட்டுகளில் மீனுக்கும் வழி விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தாமிரபரணிச் சீரமைப்பு என்றாலே அமலைச் செடி (ஆகாயத்தாமரை) அகற்றுவது, கரையில் குப்பை அள்ளுவது என்ற அளவில் பேச்சு நின்றுவிடுகிறது. இரண்டும் தேவைதான். ஆனால் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரையுள்ள எட்டு அணைக்கட்டுகளும், ஆற்றில் மேலேறிச் செல்லும் மீன்களுக்குச் சுவர்களாக நிற்கின்றன. பாசனத்துக்கு உயிர்நாடியான அவற்றில் ஒரு கல்லையும் பெயர்க்காமல் மீனுக்கு வழி அமைக்க முடியும்.

விலாங்கைப் பாருங்கள். அது கடலில் முட்டையிடும். விரல் நீளமும் இல்லாத குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஆற்றுக்குள் வரும். ஈரமும் சொரசொரப்பும் இருந்தால் சரிவில் நெளிந்து ஏறிவிடும். வேகமாகத் தண்ணீர் வழியும் வழவழப்பான சுவரில் அவற்றுக்குப் பிடிமானம் இல்லை. இதற்கு ஓரக்கரையை ஒட்டி ஒன்றரை அடி அகலத்தில், 30 டிகிரிக்கு மிகாத சரிவில் ஒரு தகரத் தொட்டிப் பாதை போதும். அடியில் தடித்த கயிற்றுப்பாய் விரித்து, மேலிருந்து சிறு குழாயில் தண்ணீர் கசியவிட வேண்டும். கொக்கு கொத்தாமல் இருக்க மூடியும் வேண்டும். பாதையின் மேல்முனை தண்ணீர் வழியும் இடத்துக்கு அருகில் இருந்தால், ஏறிய குஞ்சுகள் அப்படியே கீழே அடித்துச் செல்லப்படும். அதைத் தள்ளி, நீர் அசையாத மூலையில் இறக்குங்கள்.

கெண்டை வகைகளுக்கு, பாறைகளைக் குறுக்கு வரிசைகளாகப் பதித்த சரிவு தேவை. ஓர் அடி உயரத்துக்கு 20 அடி நீளமாவது வேண்டும். சிறு மீன்களுக்கு 30 அடி நல்லது. ஆறடி அணைக்கட்டுக்கு 120 முதல் 180 அடி. குறுக்கு வரிசைகளுக்கு இடையே நீர் மட்டம் அரை அடிக்கு மேல் இறங்கக் கூடாது. பாறையில் பாதி மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும், இல்லையெனில் ஐப்பசி வெள்ளத்தில் உருண்டுவிடும். இடைவெளிகளைச் சரளையும் களிமண்ணும் இட்டு அடைக்காவிட்டால் கோடையில் தண்ணீர் பாறைக்கு அடியிலேயே ஓடிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், மீன் நுழையும் கீழ்வாய் அமையும் இடம். மீன் அணைக்கட்டின் அடிவரை போய் முட்டும். வாய் நூறடி தள்ளியிருந்தால் அதைக் கண்டுபிடிக்காது. கட்டியும் பயனில்லாமல் போவது பெரும்பாலும் இந்தப் பிழையால்தான்.

தூர்வாரும்போது ஆற்றை ஒரே மட்டமாக வழித்துவிடாதீர்கள். கோடையில் மீன் தப்பிப் பிழைப்பது கசங்கள் எனப்படும் ஆழமான மடுக்களில்தான். கரையோர மருத மரங்களின் வேரிடுக்குகள் நீர்நாய்க்கு வளை. அவை நிற்கும் கரையில் பொக்லைன் இறங்கக் கூடாது. அமலையை மருந்தடித்து அழிப்பதும் தவறு. மொத்தமாக அழுகும்போது நீரில் ஆக்சிஜன் வற்றி, விடியற்காலையில் மீன்கள் செத்து மிதக்கும். வாரிய செடியை வெள்ளம் எட்டாத மேட்டில் குவியுங்கள்.

மேல்பகுதியில் இந்த ஆற்றுக்கே உரிய மீன்கள் உள்ளன. அங்கே ஜிலேபிக் கெண்டையையோ ஆப்பிரிக்கக் கெளுத்தியையோ யாரும் விடக் கூடாது.

பிசான நெல் அறுவடை முடிந்து, அடுத்த கார் நெல் பருவத்துக்குத் தண்ணீர் திறக்கும் வரையுள்ள இடைவெளியே வேலைக்கு ஏற்ற காலம். செலவு குறைந்த விலாங்குப் பாதையை நீர்வளத்துறை முதலில் ஸ்ரீவைகுண்டத்தில் அமைக்கட்டும். மேல்முனையில் வலைப்பெட்டி வைத்து இரவில் ஏறும் குஞ்சுகளை எண்ணினால், அடுத்து அதற்கு மேலுள்ள மருதூர் அணைக்கட்டில் எதை மாற்றிக் கட்டுவது என்று தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
தாமிரபரணிக் கரை வாசகர்கள்,
ஸ்ரீவைகுண்டம்